வேர்ல்ட் சீரிஸின் மறக்க முடியாத தருணங்கள்: அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்தர இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் பற்றிப் பேச்சு வந்தால் எல்லா இடத்திலும் அதே ஐந்தாறு காட்சிகள்தான் வருகின்றன. 1960இல் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, பேஸில் நிற்பவர்களோடு தானும் சுற்றி வந்து ரன் எடுக்கும் அடி). 1975இல் கார்ல்டன் ஃபிஸ்க் இரண்டு கையையும் ஆட்டி, பந்தை எல்லைக்கு உள்ளே இருக்கச் சொல்லிக் கெஞ்சியது. 1986இல் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே உருண்டு போன பந்து. 1988இல் கர்க் கிப்சன் நொண்டியபடியே பேஸ்களை (ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகள்) சுற்றி வந்தது. எனக்கும் இவை எல்லாம் பிடிக்கும். ஆனால் இந்த ஆட்டங்களைத் துண்டுக் காட்சிகளாகப் பார்ப்பதை விட்டு முழு ஆட்டமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. புகழ்பெற்ற அந்த நொடிக்குச் சற்று முன்னால் யாரோ ஒருவர் செய்த காரியம்தான் பல நேரம் ஆட்டத்தைத் திருப்பியிருக்கிறது. அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

1988ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 15, முதல் ஆட்டம், டாட்ஜர் ஸ்டேடியம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஓக்லண்ட் 4-3 என்று முன்னிலை. பந்து வீசுவது டெனிஸ் எக்கர்ஸ்லி, அப்போது ஆட்டத்தை முடித்து வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு காலிலும் அடிபட்டிருந்த கிப்சன் வந்து ஹோம் ரன் அடித்தார், டாட்ஜர்ஸ் 5-4 என்று ஜெயித்தது. அந்த சீரிஸில் அவர் பேட் பிடித்தது அந்த ஒரு முறைதான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் மைக் டேவிஸ் என்ற பேட்டர் எக்கர்ஸ்லியிடம் பொறுமையாக நின்று நான்கு பால் வாங்கி முதல் பேஸுக்குப் போகாமல் இருந்தால், கிப்சன் களத்துக்கே வந்திருக்க முடியாது. மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடிந்திருக்கும்.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

நெல்லைக்காரி

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள். இப்போதுதான் பேஸ்பால் பக்கம் வந்திருக்கிறேன். "இரண்டு அவுட்" என்றால் எவ்வளவு நெருக்கடி என்று யாராவது சொல்லுங்களேன். அப்புறம் நான்கு பால் வாங்கினால் முதல் பேஸா?

---

கணக்குப்பிள்ளை

ஆமாம் சகோதரி. பிட்சர் (பந்து வீசுபவர்) சரியான கட்டத்துக்கு வெளியே நான்கு முறை வீசி, பேட்டர் அவற்றை அடிக்கப் போகாமல் விட்டுவிட்டால், ஓடாமலேயே முதல் பேஸ் கிடைக்கும். ஒரு அணிக்கு ஒரு இன்னிங்ஸில் மூன்று அவுட்தான். மூன்றாவது விழுந்தால் பேஸ்களில் எத்தனை பேர் நின்றாலும் எல்லாம் அழிந்துபோகும். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், அதன் பிறகும் சமநிலை என்றால் முடிவு வரும்வரை தொடரும். ஆட்டத்தை முடிக்கும் கடிகாரம் இதில் இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்தித் தப்பிக்க முடியாது, கடைசி அவுட்டை எடுத்தே ஆக வேண்டும். இந்த இழையில் வரும் கதைகள் பெரும்பாலும் அந்தக் கடைசி அவுட்டை எடுக்க முடியாமல் போனவர்களின் கதைதான். வேர்ல்ட் சீரிஸை ஜெயிக்க நான்கு ஆட்டம், அதிகபட்சம் ஏழு ஆட்டம்.

---

மேட்டுத்தெரு

அப்படியென்றால் ஹால் ஸ்மித் பெயரோடு தொடங்க வேண்டும்.

1960, அக்டோபர் 13, பிட்ஸ்பர்க், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். ஏழாவது ஆட்டம். பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் நடந்த அந்த சீரிஸே ஒரு விசித்திரம். யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டமும் 16-3, 10-0, 12-0. ஏழு ஆட்டத்தையும் சேர்த்துக் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பைரட்ஸ் 27 ரன். கோப்பை பைரட்ஸுக்கு! தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்குச் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது போனது. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

எட்டாவது இன்னிங்ஸில் பைரட்ஸ் 7-4 என்று பின்தங்கியிருந்தது. பில் வெர்டன் தரையோடு அடித்த பந்து, இரண்டு அவுட் எடுத்திருக்க வேண்டிய சாதாரணப் பந்து, திடீரென்று எகிறி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) டோனி குபெக்கின் தொண்டையில் அடித்தது. அவர் களத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. பிறகு இரண்டு அவுட் ஆனதும் ராபர்ட்டோ கிளெமென்டே முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருட்டினார். பிட்சர் ஜிம் கோட்ஸ் முதல் பேஸைக் காக்க ஓடவில்லை. கிளெமென்டே தப்பினார், இன்னிங்ஸ் தப்பியது. அதற்குள் பைரட்ஸுக்கு இரண்டு ரன் வந்திருந்தது. அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 9-7.

அங்கேயே முடிந்திருந்தால் இன்று பிட்ஸ்பர்க்கில் சிலை ஸ்மித்துக்குத்தான் இருந்திருக்கும். ஒன்பதாவதில் யாங்கீஸ் இரண்டு ரன் எடுத்து 9-9 ஆக்கியது. அடுத்து முதல் ஆளாக வந்த மசரோஸ்கி ரால்ஃப் டெர்ரியின் இரண்டாவது பந்தை இடது பக்கச் சுவருக்கு மேல் அனுப்பினார். அந்தப் பக்கம் காவல் நின்ற யாங்கீஸின் யோகி பெரா திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 10-9. ஏழாவது ஆட்டத்தை அப்படி ஒரு ஹோம் ரன்னோடு முடித்தவர் வேறு யாரும் இல்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலேயே பேட்டர் அவுட் ஆவது) கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 19 ரன் விழுந்த ஆட்டம்.

---

ஆறாம் ஆட்டம்

அந்தச் சுவரின் ஒரு பகுதியை இன்னும் வைத்திருக்கிறார்கள். மைதானத்தை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு அக்டோபர் 13ஆம் தேதியும் ரசிகர்கள் அங்கே கூடி அன்றைய வானொலி வர்ணனையை முழுவதும் போட்டுக் கேட்கிறார்கள். ஹோம் ரன் விழுந்த அதே நேரத்தில் ஒலிப்பதிவிலும் விழும்படி சரியாகத் தொடங்குவார்களாம்.

ஆட்டத்தின் ஒளிப்பதிவு கிடைத்த விதம் அதைவிட ஆச்சரியம். பாடகர் பிங் கிராஸ்பிக்கு பைரட்ஸ் அணியில் பங்கு இருந்தது. தான் பார்த்தால் அணிக்கு ராசி இல்லை என்ற பயத்தில் பாரிஸுக்குப் போய்விட்டார். ஜெயித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொலைக்காட்சித் திரையிலிருந்து படமெடுத்து வைக்க ஏற்பாடு செய்தார். அந்தச் சுருள்கள் ஐம்பது வருடம் கழித்து அவர் வீட்டின் குளிர்ந்த நிலவறையில் கெடாமல் கிடைத்தன. அது இல்லாவிட்டால் கோட்ஸ் ஓடாமல் நின்றதைப் பற்றி நாம் படிக்கத்தான் முடியும், பார்க்க முடியாது.

---

வடசென்னை வாசகன்

எல்லாம் சரி. ஆனால் இழையின் அடிப்படையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சில தருணங்கள் தனியாக நிற்கும். 1956 அக்டோபர் 8, யாங்கீஸின் பிட்சர் டான் லார்சன். 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. மொத்தம் 97 பந்து. வேர்ல்ட் சீரிஸில் அப்படி ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதில் எந்த மைக் டேவிஸைத் தேடுவீர்கள்?

---

கணக்குப்பிள்ளை

மூன்று பேரைக் காட்டுகிறேன். இரண்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் ஜாக்கி ராபின்சன் வேகமாக அடித்த பந்து மூன்றாவது பேஸில் நின்ற ஆண்டி கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்தது. அது நேராக ஷார்ட்ஸ்டாப் கில் மெக்டூகல்டிடம் போனது, அவர் எடுத்து எறிந்தார், ராபின்சன் மயிரிழையில் அவுட். ஐந்தாவதில் கில் ஹாட்ஜஸ் அடித்ததை மிக்கி மேன்டில் ஓடிப்போய்ப் பிடித்தார். அன்று அவர் வேறு எதுவும் செய்யாமல் இருந்திருந்தால்கூட அந்தப் பிடி போதும். ஆனால் யாங்கீஸின் முதல் ரன்னும் அவர் அடித்த ஹோம் ரன்தான். எதிரணியின் பிட்சர் சால் மேக்லி வெறும் ஐந்து ஹிட்தான் (பேட்டர் அடித்துப் பேஸுக்குப் போய்ச் சேர்வது) கொடுத்தார், 2-0 என்று தோற்றார்.

லார்சனை நான் குறைத்துப் பேசவில்லை. மூன்று நாளுக்கு முன் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்காமல் வெளியேற்றப்பட்டவர் அவர். அந்த மனிதர் திரும்பி வந்து இதைச் செய்தார் என்பது எந்த விளையாட்டிலும் பெரிய சங்கதி.

---

வடசென்னை வாசகன்

மெக்டூகல்டை எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் லார்சன் லார்சன்தான்.

---

ஆறாம் ஆட்டம்

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று. 1986.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பில் பக்னருக்கு நடந்தது அநியாயம்.

அக்டோபர் 25, ஷே ஸ்டேடியம், நியூயார்க். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3-2 என்று சீரிஸில் முன்னிலை. 1918க்குப் பிறகு அவர்கள் கோப்பையைப் பார்த்ததில்லை. பத்தாவது இன்னிங்ஸில் 5-3 என்று நியூயார்க் மெட்ஸை விட முன்னால். இரண்டு அவுட் விழுந்துவிட்டது, பேஸில் ஒருவரும் இல்லை. இன்னும் ஒரே ஒரு அவுட்.

கேரி கார்ட்டர் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போகும் அடி). கெவின் மிட்செல் ஒரு சிங்கிள். ரே நைட் ஒரு சிங்கிள், கார்ட்டர் வந்து சேர்ந்தார், 5-4. மூவரும் அடித்தது கால்வின் ஷிரால்டியின் பந்தில். அவரை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். எதிரே மூக்கி வில்சன். அவர் பத்து பந்து தாக்குப்பிடித்தார். ஃபவுல், ஃபவுல் (எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் அடி) என்று வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது பந்து வில்சனின் காலை நோக்கிப் பாய்ந்தது, அவர் துள்ளி விலகினார், கேட்சரைத் தாண்டிப் பின்னால் ஓடியது. மிட்செல் ஓடி வந்துவிட்டார். 5-5.

இங்கே நிறுத்துங்கள். ஆட்டம் சமநிலைக்கு வந்தாயிற்று, பக்னர் இன்னும் பந்தைத் தொடவே இல்லை.

அதன் பிறகுதான் வில்சன் உருட்டிய பந்து முதல் பேஸ் பக்கம் நின்ற பக்னரின் கால்களுக்கு நடுவே போனது, நைட் ஓடி வந்து 6-5. பக்னர் அதைப் பிடித்திருந்தால்கூட, வில்சன் ஓடும் வேகத்துக்கு முதல் பேஸில் அவுட் ஆகியிருப்பாரா என்பது சந்தேகம். அவுட் என்றே வைத்துக்கொள்வோம், பதினொன்றாவது இன்னிங்ஸ் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அதோடு அது ஆறாவது ஆட்டம். ஏழாவது ஆட்டம் ஒன்று நடந்தது, அதில் பாஸ்டன் 3-0 என்று முன்னால் போய் 8-5 என்று தோற்றது. அதை யார் பேசுகிறார்கள்?

பக்னர் 2,715 ஹிட் அடித்தவர். 1980இல் நேஷனல் லீக்கின் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) பேட்டிங் பட்டம் வாங்கியவர். கணுக்கால் நோவோடு உயரமான ஷூ போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸில் அவருக்குப் பதில் டேவ் ஸ்டேப்பிள்டனை இறக்குவது அந்த ஆண்டு வழக்கம். அன்று மேனேஜர் ஜான் மெக்நமாரா அதைச் செய்யவில்லை. இத்தனை பேரின் கை இருந்த ஒரு தோல்வியை ஒரே ஆளின் தலையில் கட்டி, இருபது வருடம் சுமக்க வைத்தார்கள்.

---

மேட்டுத்தெரு

2008 ஏப்ரல் 8ஆம் தேதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபென்வே பார்க்கில் அந்த ஆண்டின் முதல் ஆட்டம், சடங்காக வீசும் முதல் பந்தை பக்னர் வீசினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது, ஓயவே இல்லை. அவர் கண்ணீரோடு நின்றார். பந்தைப் பிடித்தவர் அவருடைய பழைய சகா டுவைட் எவன்ஸ். 2004இலும் 2007இலும் கோப்பை வந்த பிறகுதான் அந்த ஊருக்கு அதற்கு மனசு வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் 1990இல் அவர் பாஸ்டனுக்குத் திரும்பி ஆட வந்தபோதே ரசிகர்கள் நன்றாக வரவேற்றார்கள். 2019இல் காலமானார்.

---

நெல்லைக்காரி

பத்து பந்து நின்ற அந்த மூக்கி வில்சனை நான் யூடியூபில் பார்த்தேன். ஏழாவது பந்துக்கு அவர் துள்ளுவதைக் கவனித்தீர்களா? அது அவர் மேல் பட்டிருந்தால் முதல் பேஸ் கிடைத்திருக்கும், ஆனால் மிட்செல் ரன் எடுத்திருக்க முடியாது, சரிதானே? ஒரு நொடியில் உடம்பை அப்படி மடக்கியது அவர் செய்த பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

---

ஆறாம் ஆட்டம்

மிகச் சரி. பட்டிருந்தால் மூன்று பேஸும் நிரம்பி, ஸ்கோர் 5-4 என்றே இருந்திருக்கும். நீங்கள் பேஸ்பால் பார்க்கப் பழகிவிட்டீர்கள்.

---

ஸ்கார்பரோ பெடியன்

அண்ணை, டொரண்டோவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இங்கே ஸ்கார்பரோவில் எங்கட ஆக்கள் வந்து இறங்கிய காலத்தில்தான் புளூ ஜேஸ் இரண்டு தரம் அடுத்தடுத்து வென்றது, 1992, 1993. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றது அதுதான் முதல் தரம். 1993 அக்டோபர் 23, ஆறாவது ஆட்டம். ஜோ கார்ட்டர் பிலடெல்பியாவின் மிட்ச் வில்லியம்ஸின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன், 8-6. சீரிஸையே முடித்த ஹோம் ரன் என்றால் மசரோஸ்கிக்குப் பிறகு அது ஒன்றுதான். அவர் குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளித் துள்ளி ஓடினதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை கேட்ட மாதிரிச் சொல்லுறதென்றால், அந்த இன்னிங்ஸில் ரிக்கி ஹென்டர்சன் நாலு பால் வாங்கி முதல் பேஸுக்குப் போனார். பேஸ் திருடுவதில் (பிட்சர் வீசுற நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுறது) அவரை வெல்ல ஆள் இல்லை. அவர் நின்றாலே பிட்சருக்கு அந்தரம். வில்லியம்ஸ் வழமையாகக் காலை உயர்த்தி வீசுறவர், ஹென்டர்சனைப் பார்த்துக்கொண்டு அவசரமாக வீச வேண்டி வந்தது. பேந்து பால் மோலிட்டர் ஒரு சிங்கிள். அதுக்குப் பிறகுதான் கார்ட்டர்.

வில்லியம்ஸையும் நினைக்க வேணும். நாலாவது ஆட்டத்தில் பிலடெல்பியா 14-9 என்று முன்னுக்கு நின்று 15-14 என்று தோற்றது, அதிலும் அவர்தான் கடைசியில் பிடிபட்டவர். அதுக்குக் கொலை மிரட்டல் எல்லாம் வந்தது. அப்படி இருந்தும் ஆறாவது ஆட்டத்தில் பந்தை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அந்தத் துணிவுக்கு ஒருத்தரும் மரியாதை குடுக்கேல்லை.

---

வடசென்னை வாசகன்

தம்பி, 2025ஐயும் நீங்களே எழுதுங்கள். உங்கள் ஊர் ஆட்டம்.

---

மேட்டுத்தெரு

அதற்கு முன் 2001ஐ ஒரு வரியில் போட்டுவிடுகிறேன். அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலெஸ் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேராவின் பந்தைச் செல்லமாகத் தட்டி ஜெடரின் தலைக்கு மேல் விழவைத்தது படமாக எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த இன்னிங்ஸ் திரும்பியது டேமியன் மில்லரின் பன்ட் (பேட்டைச் சுழற்றாமல் மெல்லத் தட்டிவிடுவது) பந்தை எடுத்து ரிவேரா இரண்டாவது பேஸுக்குத் தப்பாக எறிந்தபோது. சமன் செய்தது டோனி வோமாக்கின் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி).

---

கணக்குப்பிள்ளை

2016க்கும் ஒரு ஆள் இருக்கிறார். சிகாகோ கப்ஸ் 108 வருடம் காத்திருந்து ஜெயித்த ஏழாவது ஆட்டம், க்ளீவ்லாந்தில். எட்டாவதில் ராஜை டேவிஸ் ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கியது, பிறகு 17 நிமிடம் மழை, அந்த நேரத்தில் ஜேசன் ஹேவர்ட் சகாக்களைக் கூட்டிப் பேசியது, பத்தாவதில் பென் ஸோப்ரிஸ்டின் டபுள், கடைசியில் 8-7. எல்லாம் தெரிந்த கதை. என் ஆள் ஆல்பர்ட் அல்மோரா. ஷ்வார்பருக்குப் பதிலாக முதல் பேஸில் ஓட வந்தவர். கிரிஸ் பிரையன்ட் தூக்கி அடித்த பந்து பின்னால் சுவர் அருகே பிடிபட்டது. அல்மோரா பாதி தூரம் போய் நிற்காமல், பேஸைத் தொட்டபடி காத்திருந்து, பிடித்த மறுகணம் இரண்டாவது பேஸுக்கு ஓடினார். அதனால் முதல் பேஸ் காலி. அடுத்து வந்த ரிஸோவை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு ஸோப்ரிஸ்டிடம் பந்து வீசினார்கள். அவர் அடித்த டபுளில் அல்மோரா வந்து சேர்ந்தார். அந்த வயசுக்கு அப்படி ஒரு நிதானம்.

---

ஆறாம் ஆட்டம்

கப்ஸ் என்றதும் 2003 நினைவுக்கு வராமல் இருக்காது. அது வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய கட்டம். கப்ஸ் வீரர் பிடிக்கப் போன பந்துக்கு இருக்கையிலிருந்து கை நீட்டிய அந்த ரசிகரின் பெயரை தயவுசெய்து இங்கே யாரும் எழுத வேண்டாம். அவரோடு சேர்த்துப் பலர் கை நீட்டினார்கள். அதே இன்னிங்ஸில் ஷார்ட்ஸ்டாப் ஒரு எளிய பந்தைத் தவறவிட்டார், எதிரணி ஃப்ளோரிடா எட்டு ரன் எடுத்தது, அடுத்த நாள் இன்னொரு ஆட்டமும் இருந்தது. 2016இல் ஜெயித்த பிறகு கப்ஸ் அவருக்கும் ஒரு சாம்பியன் மோதிரம் கொடுத்தது.

---

ஸ்கார்பரோ பெடியன்

சரி, 2025. நவம்பர் 1, ஏழாவது ஆட்டம், ரோஜர்ஸ் சென்டர். 32 வருஷத்துக்குப் பிறகு எங்கட அணி அந்த மேடையில். மூன்றாவது இன்னிங்ஸில் எங்கட போ பிஷெட் டாட்ஜர்ஸின் ஒஹ்டானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடிச்ச நேரம் ஊரே வெடிச்சது. ஒன்பதாவதில் 4-3 என்று முன்னுக்கு, ஒரு அவுட் ஆயிற்று. அப்ப மிகெல் ரோஹாஸ், டாட்ஜர்ஸின் ஒன்பதாவது பேட்டர், ஹோம் ரன் அடிச்சார். 4-4. பதினொன்றாவதில் வில் ஸ்மித் இன்னொன்று. 5-4. முதல் நாள் ஆறு இன்னிங்ஸ் வீசின டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ திரும்ப வந்து வீசி முடிச்சார்.

ஆனால் இங்கே ஆக்கள் கதைக்கிறது ஒன்பதாவதின் கீழ்ப்பாதியைத்தான் (எங்கட அணி பேட் பிடிச்ச பாதி). மூன்று பேஸும் நிரம்பி, ஒரு அவுட். வார்ஷோ உருட்டின பந்தை ரோஹாஸ் எடுத்து ஹோமுக்கு (தொட்டால் ரன் ஆகிற கடைசி பேஸ்) எறிந்தார், மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வந்த கைனர்-ஃபலேஃபா நூலிழையில் அவுட். அவர் பேஸுக்குக் கிட்ட நின்றார், இன்னும் ரெண்டு அடி தள்ளி நின்றிருந்தால் கோப்பை எங்களுக்கு என்று இங்கே கடையிலும் வேலையிடத்திலும் ஒரே கதை. அந்த ஆளைப் பேசாத பேச்சில்லை.

---

ஆறாம் ஆட்டம்

இதைத்தான் பயந்தேன். முதல் நாள் ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லுங்கள்.

---

ஸ்கார்பரோ பெடியன்

ஹிமெனெஸ் இடது பக்கம் அடிச்ச பந்தை கிகே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடிச்சு இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். பார்ஜர் பேஸை விட்டுத் தள்ளிப் போயிருந்தார், திரும்ப நேரமில்லை. இரண்டு அவுட் ஒன்றாக. ஆட்டம் முடிஞ்சுது.

விளங்குது அண்ணை. தள்ளி நின்றதால் முதல் நாள் தோற்றோம், அடுத்த நாள் கிட்ட நிற்கிறார்.

---

கணக்குப்பிள்ளை

அதேதான். நேராக அடிபடும் பந்தில் இரட்டை அவுட் ஆகக்கூடாது என்று அணியிலேயே சொல்லிவைத்திருந்ததாக கைனர்-ஃபலேஃபா பின்னால் விளக்கினார். அடுத்த பேட்டர் அடித்ததையும் பாருங்கள்: எர்னி கிளெமென்ட் தூக்கி அடித்தது, அப்போதுதான் மாற்று ஆளாக உள்ளே வந்திருந்த ஆண்டி பாஹெஸ் பின்னால் ஓடி, ஹெர்னாண்டஸ் மேல் மோதியபடியே பிடித்தார். பதினொன்றாவதிலும் கெரெரோ ஒரு டபுள் அடிக்க, கைனர்-ஃபலேஃபாதான் பன்ட் செய்து அவரை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினார். சமன் செய்யும் ரன் அங்கே நின்றபடியேதான் ஆட்டம் முடிந்தது. கடையில் யாராவது ரெண்டு அடிக் கணக்கைச் சொன்னால், பாஹெஸை அந்த இன்னிங்ஸில் இறக்கிய மேனேஜர் டேவ் ராபர்ட்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2004இல் யாங்கீஸுக்கு எதிராக இரண்டாவது பேஸைத் திருடி பாஸ்டனைப் பிழைக்க வைத்த அதே ராபர்ட்ஸ்தான் அவர்.

---

ஸ்கார்பரோ பெடியன்

சொல்லுறேன். அந்த பன்ட் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை இங்கே. நாளைக்குக் கடையில் அதில் இருந்துதான் தொடங்கப் போறேன்.